இரண்டு பிள்ளைகள், ஒரே அறை: எதை வாங்கலாம், எதைச் செய்யச் சொல்லலாம்?

கேள்வி இது: சென்னையில் வாடகை வீடு. குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய அறை 10 அடிக்கு 11 அடி. மகளுக்கு 4 வயது, மகனுக்கு 8 மாதம். குழந்தைகளுக்கான பூட்டிக் கடைகளில் பார்க்கும் கட்டிலும் கூடாரமும் மர பொம்மையும் மனதை இழுக்கின்றன. விலைச்சீட்டைப் பார்த்தால் கை பின்வாங்குகிறது. எதை வாங்கலாம், எதை நாமே செய்துகொள்ளலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

வீட்டு உள்ளலங்கார வேலையில், அதிலும் குழந்தைகள் அறைகளில், நெடுநாளாக இருக்கிறேன். அந்தக் கடைகள் எனக்கு நிஜமாகவே பிடிக்கும். நல்ல யோசனைகள் பல ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடங்கள் அவை. போய் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இதில் பிள்ளைக்குப் பயன்படுகிற யோசனை எது என்று பாருங்கள். அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பொருளைப் பெரும்பாலும் நம் பக்கத்துக் கைவினைக்காரர்களே அதைவிட நன்றாகச் செய்து தருவார்கள். சிலவற்றைக் கடையில் வாங்குவதுதான் சரி, அவற்றையும் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறையின் தரையில் உட்காருங்கள். 4 வயதுப் பிள்ளை ஏறக்குறைய 100 செ.மீ. உயரம் இருக்கும். கண் மட்டம் 90 செ.மீ., அதாவது 3 அடி. தவழ்கிற பையனுக்கு இன்னும் கீழே. கடைகளின் படங்களில் சட்டமிட்ட ஓவியங்கள் ஐந்தடி உயரத்தில் வரிசையாகத் தொங்கும். நாம் நின்று பார்க்க அது அழகு, பிள்ளைக்கு அது அண்ணாந்து பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று. தரையிலிருந்து மூன்றரை அடி வரைக்கும் உள்ள இடம்தான் அவர்கள் வாழ்கிற அறை. ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அந்த மூன்றரை அடிக்குள்ளேயே போகட்டும்.

மரியா மாண்டிசோரி 1907ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது செய்த பெரிய காரியங்களில் ஒன்று, மேசை நாற்காலிகளையும் அலமாரியையும் பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கியது. அவரே 1939ல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியப் பயிற்சி நடத்தினார். போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. இன்று கடைகளில் அவர் பெயரை ஒட்டி விற்கும் தாழ்ந்த அலமாரிக்குப் பின்னால் இருக்கும் யோசனை இதுதான்: பிள்ளை யாரையும் கூப்பிடாமல் தானே எடுக்க வேண்டும், தானே திருப்பி வைக்க வேண்டும். 4 அடி நீளம், 2 அடி உயரம், 1 அடி ஆழம், இரண்டு தட்டு, கதவு கிடையாது, பின்பக்கம் மூடியிருக்க வேண்டும். நல்ல ஆசாரி ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார். மேல் முனைகளை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். தவழும் பையனின் நெற்றி நேராக அங்கேதான் வந்து நிற்கும்.

அந்த அலமாரியில் எவ்வளவு வைப்பது? குறைவாக. 2018ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு முறை 4 பொம்மைகள், இன்னொரு முறை 16 பொம்மைகள். நாலு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், ஒரே பொம்மையைப் பல விதமாகப் பயன்படுத்தினார்கள். பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. மகளுக்கு ஆறேழு, மகனுக்கு மூன்று நாலு வெளியே இருந்தால் போதும். மீதியைப் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மேல் தட்டு அக்காவுக்கு, கீழ்த்தட்டு தம்பிக்கு. 

பொம்மைகளைப் போட்டுவைக்கும் கூடைக்கு வருவோம். பூட்டிக் கடைகளில் பருத்திக் கயிற்றில் சுற்றிய கூடைகள் நிறைய வரும். அழகுதான், ஆனால் நம் கடலோர ஈரத்தில் மூலையில் வைத்தால் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். செட்டிநாட்டுக் கொட்டான் வாங்குங்கள். பனை ஓலையில் முடைந்தது, நிறம் பளிச்சென்று இருக்கும், எடை கிடையாது, தலையில் விழுந்தாலும் வலிக்காது. செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் சீர் வைக்கவும் பலகாரம் கொடுக்கவும் பயன்பட்ட பொருள். பிளாஸ்டிக் வந்தபின் முடைகிறவர்களே குறைந்துபோய், பிறகு காரைக்குடிப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை எடுத்த முயற்சியால் திரும்பி வந்தது. புவிசார் குறியீடும் உண்டு. மூடி போட்ட பெரிய கொட்டானில் கட்டைகள், மூடியில்லாத சின்னதில் கிரேயான். ஒரே ஒரு கவனம்: ஓலை விளிம்பு நைந்து பிசிறு வந்தால் பையன் வாயில் வைப்பான், அப்போது மாற்றிவிடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1953ல் குழந்தைகளுக்காக ஒரு சுவர்க்கொக்கி வடிவமைத்தார்கள். ஹேங் இட் ஆல் என்று பெயர். வெள்ளைக் கம்பிச் சட்டத்தில் பல நிற மர உருண்டைகள். கொக்கி கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது, எந்த நிறத்தில் எதை மாட்டலாம் என்று தேர்ந்தெடுப்பதே ஒரு விளையாட்டாகிவிடுகிறது. பிள்ளைக்குத் தானே பையை மாட்டத் தோன்றுகிறது. எழுபது வருடம் கழித்தும் உலகம் முழுக்க வடிவமைப்புக் கடைகளில் விற்கிறது. அசலின் விலை நம் ஊரில் எட்டாத விலை.

ஆனால் உருண்டை மரத்தில் அரக்கு நிறம் ஏற்றுவது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது சென்னபட்டணம். அங்கே இழுப்பறைக்கான மரக் குமிழ்கள் ஏராளமாகச் செய்கிறார்கள், சென்னையிலும் கைவினைக் கடைகளில் கிடைக்கும். 3 அடி நீளம், 4 அங்குல அகலத்தில் ஒரு தேக்கு அல்லது ரப்பர் மரச் சட்டம் எடுத்து, ஆறு குமிழ்களைப் பின்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கி, சுவரில் பொருத்துங்கள். ஈம்ஸ் கொக்கியின் யோசனை முழுவதும் உங்கள் சுவரில் வந்துவிடும். குமிழ் ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். தப்பித் தவறிக் கழன்று விழுந்தாலும் பையனின் தொண்டைக்குள் போகாது.

மாட்டும் உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். பிள்ளையின் கண் மட்டத்தில் எந்தக் கொக்கியும் இருக்கக் கூடாது, ஓடி வந்து மோதினால் கண். உங்கள் மகளுக்கு 3 அடி கண் மட்டம் என்றால் கொக்கி மூன்றரை அடிக்குச் சற்று மேலே, தலைக்கு மேல், கைக்கு எட்டுகிற மாதிரி. கதவுக்குப் பின்னால் அல்லது அலமாரிக்கு நேர் மேலே வைத்தால் யாரும் அந்தச் சுவரை ஒட்டி ஓட மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை சில அங்குலம் ஏற்றிக்கொள்ளலாம்.

சென்னபட்டணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற ஒருவன் இருக்கிறான். அந்த ஊர் பொம்மைகள் வெட்பாலை மரத்தில் செய்யப்படுபவை. வெள்ளையான, நுண்ணிய இழை கொண்ட மரம், கடைசலுக்கு அற்புதமானது. கடைசல் இயந்திரத்தில் மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை மடலை அழுத்திப் பிடிப்பார்கள், பளபளப்பு அப்போதுதான் வரும். தூரிகையே கிடையாது. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று தாவரச் சாயங்களைச் சேர்த்த அரக்கு பெயின்ட் மாதிரி செதில் செதிலாக உரிவதில்லை. ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்காவில் செய்வதும் இதே மரம், இதே முறைதான். அங்கே நிறங்கள் இன்னும் மென்மையாக இருக்கும். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் இந்தக் குடும்பம்தான். உங்கள் மகளுக்கு வெளிநாட்டு மரச் சமையலறை செட் வாங்க நினைத்திருந்தால் நிறுத்திவைத்து, முதலில் ஒரு சொப்புப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். அடுப்பு, குடம், அம்மி, உரல், திருகை என்று அவள் பாட்டியிடம் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்கிற சாமான்கள். தம்பி தூங்கும்போது மட்டும் வெளியே எடுக்கலாம், துண்டுகள் சின்னவை.

அசல் அரக்கு வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஈர வெள்ளைத் துணியால் ஓரிடத்தில் அழுத்தித் தேயுங்கள், நிறம் ஒட்டக் கூடாது. மேற்பரப்பில் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும், இரண்டு துண்டுகளின் நிறம் சற்றே வேறுபடும். எனாமல் பெயின்ட் அடித்தது கண்ணாடி மாதிரி ஒரே சீராக இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் வாசனை காட்டிக்கொடுக்கும். இன்று சிலர் அரக்கிலேயே ரசாயனச் சாயம் கலக்கிறார்கள், அதனால் விற்பவரிடம் எந்தச் சாயம் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். வீட்டில் பராமரிப்பு எளிது: உலர்ந்த அல்லது லேசாக நனைத்த துணி. தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், வெந்நீர் கூடவே கூடாது. சானிடைசர் போட்டுத் துடைக்கிற பழக்கம் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பொம்மை பிசுபிசுத்துப் பாழாகிவிடும்.

ஐஎஸ்ஐ முத்திரை பற்றிய குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீட்டின் கீழ் பதிவு பெற்றவர்களின் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே நல்ல சென்னபட்டணப் பொம்மையில் முத்திரை இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் ஆலையில் செய்த பிளாஸ்டிக், பேட்டரி, துணிப் பொம்மைகளில் முத்திரை இல்லையென்றால் கடை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கொண்டபள்ளிப் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இரண்டும் பார்க்கிற பொம்மைகள். வண்ணம் மேற்பூச்சு, கடித்தால் வரும். ஐந்தடிக்கு மேலே ஒரு சின்னத் தட்டில் வையுங்கள், மின்விசிறிக் காற்றில் தலையாட்டி தானாக ஆடிக்கொண்டிருப்பதைக் கீழேயிருந்து பையன் பார்த்துச் சிரிப்பான்.

பையன் நிற்கத் தொடங்கப் போகிறான், அதனால் நடைவண்டி. கடைகளில் புஷ் வாக்கர் என்று வெளிர் நிறத்தில் விற்கிறார்களே, அதன் யோசனை அப்படியே நம் மூன்று சக்கர நடைவண்டி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பு, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பிள்ளை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, தள்ளிக்கொண்டு போகிறான். நடுவில் உட்கார வைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வேறு ஜாதி. அதில் பிள்ளை நினைத்ததைவிட வேகமாகப் போய்ப் படியில் உருண்டுவிடுகிறான். கனடா 2004ல் அதன் விற்பனையையே தடை செய்தது. அதை வாங்க வேண்டாம். நடைவண்டி வழவழப்பான டைல்ஸில் வழுக்கி ஓடும், ஜமுக்காளத்தின் மேல் விட்டால் நிதானப்படும்.

ஜமுக்காளம் என்றதும் தரைவிரிப்பு. பவானி ஜமுக்காளத்தை விசேஷ வீட்டு விரிப்பாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். தடித்த பருத்தி, அகலமான நேர்கோடுகள், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். எந்தப் பூட்டிக் கடையின் கோடுபோட்ட கம்பளத்துக்கும் குறைந்ததில்லை. தூசி பிடித்துக்கொள்கிற மயிர்க்கம்பளம் நம் காலநிலைக்கு ஒத்துவராது, மூக்கடைப்பு உள்ள பிள்ளைக்கு இன்னும் சிரமம். ஜமுக்காளத்தைத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் போடலாம். விசைத்தறியில் நெய்த போலிகள் சந்தையில் நிறைய உண்டு, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவது நல்லது. அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒன்று போட்டுவிடுங்கள். பகலில் பிள்ளை புரண்டு படுக்க ஒரு பத்தமடைப் பாயும் சேர்த்தால் அந்த மூலை நிறைவாகிவிடும். கோரை குளுமை, சுருட்டி வைத்தால் இடம் மிச்சம்.

திரைச்சீலைக்கு மதுரைச் சுங்குடி. சின்னச் சின்னப் புள்ளிகள் வெயில் பின்னால் இருக்கும்போது அவ்வளவு அழகாகத் தெரியும். இரண்டு சேலை எடுத்தால் ஒரு ஜன்னலுக்குத் தாராளம். தனியாக ஒரு முறை துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தைக்கக் கொடுங்கள். சுருக்குக் கயிறு தொங்கும் பிளைண்ட்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தக் கயிறு கழுத்தில் மாட்டி உயிர்போன குழந்தைகள் பல நாடுகளில் உண்டு.

கூடாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கடையில் விற்கும் டீப்பீ என்ற கூம்புக் கூடாரம் அறையில் நாலுக்கு நாலு அடியைச் சாப்பிட்டுவிடும், உங்கள் அறைக்குத் தாங்காது. அப்பாவின் பழைய வேட்டி ஒன்று, இரண்டு நாற்காலி, நாலு கிளிப். விளையாடி முடித்ததும் மடித்து வைத்துவிடலாம், நாளைக்கு வேறு வடிவத்தில் கட்டலாம். கட்டுகிற வேலையில்தான் பாதி மகிழ்ச்சி அவளுக்கு.

மேசை நாற்காலியில் அளவு முக்கியம். ஐரோப்பியப் பள்ளித் தளவாடங்களுக்கான தர அளவில், 93 முதல் 116 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 26 செ.மீ., மேசை 46 செ.மீ. உயரம். உங்கள் மகளுக்கு இதைத்தான் ஆசாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கால் தரையில் படாமல் தொங்கினால் பிள்ளை ஐந்து நிமிடத்தில் நெளியும். நார்வேயின் பீட்டர் ஆப்ஸ்விக் 1972ல் வடிவமைத்த ட்ரிப் ட்ராப் நாற்காலி இந்தப் பிரச்சினையைத்தான் தீர்த்தது: இருக்கையையும் கால்பலகையையும் பிள்ளை வளர வளர இறக்கிக்கொண்டே போகலாம், வீட்டார் சாப்பிடும் மேசையிலேயே பிள்ளையும் கால் ஊன்றி உட்காரலாம். கடையில் வாங்கத் தகுந்த பொருட்களில் இது ஒன்று. கைக்குழந்தையிலிருந்து பெரியவர் வரை பயன்படும். போலி மாடல்களில் பூட்டும் ஆணிகள் தளர்ந்துவிடுவதால் ஆசாரியிடம் நகல் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

எழுத, வரைய இன்னொரு வழி உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கணக்குப்பிள்ளை மேசை கிடைக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுகிற சாய்வான மேசை, மூடியைத் தூக்கினால் உள்ளே அறை. 4 வயதுப் பிள்ளைக்குச் செய்து வைத்த மாதிரி இருக்கும், பத்து வயதிலும் பயன்படும். எண்ணெய் மெருகு மட்டும் போட்டதை எடுங்கள். பழைய பெயின்ட் அடித்த எந்த மரச்சாமானும் குழந்தை அறைக்குள் வர வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் அதிகம், அதைச் சுரண்டித் தேய்த்தால் தூசி இன்னும் ஆபத்து. இந்தியாவில் 2017 நவம்பர் முதல்தான் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. புதுப் பெயின்ட் வாங்கும்போதும் டப்பாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள்.

சுவர் வாடகைச் சுவர். வால்பேப்பர், பெரிய ஸ்டிக்கர் எதுவும் சென்னை ஈரத்தில் நிற்காது, மழைக்காலம் வந்தால் ஓரம் தூக்கும், உரித்தால் பெயின்டும் சேர்ந்து வரும். 4 அடிக்கு 3 அடி ப்ளைவுட் பலகையில் கரும்பலகைப் பெயின்ட் அடித்து, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் சுவரோடு பொருத்துங்கள். ஒரு பக்கம் அம்மாவோ பாட்டியோ புள்ளி வைத்துக் கொடுக்க, அவள் கோலம் இழுத்துப் பார்க்கலாம். வரைந்த படங்களைக் காட்ட, மேலே ஒரு மரச் சட்டத்தில் வரிசையாகக் கிளிப் அறைந்துவிடுங்கள். கயிறு கட்டித் தொங்கவிடும் அலங்காரம் தம்பி வளரும் வரை வேண்டாம். நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும், ஜமுக்காளமும் கொட்டானும் குமிழும் போதுமான நிறத்தைக் கொண்டுவந்துவிடும்.

இனி, கடைப் படங்களில் அழகாகத் தெரிந்து வீட்டில் ஆபத்தாகிறவை. இதை அவசரமில்லாமல் படியுங்கள்.

மாடிக் கட்டில், அதாவது பங்க் பெட். இரண்டு பிள்ளை ஒரே அறை என்றதும் எல்லோரும் சொல்வது இதுதான். வெளிநாட்டுப் படங்களில் கூரையில் மின்விசிறி இருக்காது, நம் வீட்டில் இருக்கும். 10 அடி கூரையில் விசிறி இறக்கை எட்டு, எட்டரை அடி உயரத்தில் சுற்றும். மேல்கட்டில் மெத்தை ஐந்தடி உயரத்தில் இருந்தால், அதில் எழுந்து நிற்கும் 8 வயதுப் பிள்ளையின் தலை ஒன்பதடிக்கு வந்துவிடும். வழக்கமான 1200 மி.மீ. விசிறி மையத்திலிருந்து 2 அடி தூரம் வரை வீசும். 10 அடி அறையில் கட்டிலை எந்த மூலைக்குத் தள்ளினாலும் நீட்டிய கை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். 6 வயதுக்குக் கீழே மேல்கட்டில் எப்படியும் கூடாது. அதற்குப் பதில் இழுக்கும் கட்டில்: பெரிய கட்டிலின் அடியில் சக்கரம் வைத்த தாழ்ந்த கட்டில், இரவில் இழுத்து, பகலில் உள்ளே தள்ளி. பையன் வளர்ந்ததும் அது அவனுக்கு.

அதுவரை அவனுக்குத் தனித் தொட்டில்கட்டில். இதை ஆசாரியிடம் கொடுக்காமல் தர முத்திரையுள்ளதாகக் கடையிலேயே வாங்குங்கள். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது, மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். படத்தில் அந்தக் கட்டிலைச் சுற்றிப் பஞ்சு வைத்த பம்பர், தலையணை, கரடிப் பொம்மை, மேலே வலைக்கூடாரம் எல்லாம் இருக்கும். ஒரு வயதுவரை கட்டிலுக்குள் விரிப்பைத் தவிர எதுவும் வேண்டாம், மூச்சடைக்கும். பம்பர் விற்பனையை அமெரிக்கா 2022ல் சட்டம் போட்டே நிறுத்தியது. கட்டிலின் நேர் மேலே தொங்கும் பொம்மைச் சரத்தை, குழந்தை கைகால் ஊன்றி எழத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். உங்கள் பையன் 8 மாதம், அதனால் இன்றே. அந்தச் சரத்தில் ஓலைக் கிளிகள் இருந்தால், அவற்றை ஜன்னல் கம்பியின் மேல் ஓரத்தில், அவன் கைக்கும் விசிறிக்கும் எட்டாமல் கட்டிவிடுங்கள். காற்றில் ஆடட்டும். சேலைத் தூளியையும், அவன் தானாக எழுந்து உட்காரும் நிலைக்கு வந்துவிட்டதால், நிறுத்திவிடும் காலம் இது.

இழுப்பறை அலமாரி, புத்தக அலமாரி, தாழ்ந்த அலமாரி உட்பட எல்லாம் சுவரோடு ஆங்கிளால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுவான், அலமாரி முன்னால் சாயும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான் ஐகியா 2016ல் அமெரிக்காவில் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. வீட்டுக்காரர் ஓட்டை போடக் கூடாது என்பார். காலி செய்யும்போது பட்டி போட்டு அடைத்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தாவது இந்த ஓட்டைகளைப் போடுங்கள். ஜன்னல் கிராதி குறுக்குக் கம்பியாக இருந்தால் அதன் அருகே கட்டில், மோடா எதையும் வைக்காதீர்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்றும் கேட்பீர்கள். முதலில் தொட்டில்கட்டிலும் மெத்தையும், சுவரில் பிணைக்கும் வேலையும். அடுத்து தாழ்ந்த அலமாரி, ஜமுக்காளம். பிறகு கொட்டான், நாலைந்து அரக்குப் பொம்மைகள், நடைவண்டி. மேசை அதற்கும் பிறகு வந்தால் போதும், அதுவரை மகள் பாயில் குப்புறப் படுத்து வரைவாள். கொக்கிப் பலகையையும் கரும்பலகையையும் கடைசியில் மாட்டுங்கள். அலமாரி வந்து ஒரு மாதமாவது ஆகட்டும். அதற்குள் அவள் எந்தச் சுவர்ப்பக்கம் உட்காருகிறாள், பள்ளிப் பையை எங்கே எறிகிறாள் என்று தெரிந்துவிடும். பையை எறிகிற இடத்துக்கு நேர் மேலே கொக்கி, உட்காருகிற இடத்துக்கு எதிரே பலகை.